உருவும் மரபணுவும்

உலகில் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றுவன பல. நெல்வயலில் நெல்லோடு கூடி வளரும் குதிரைவாலிப் புல் இளம்பருவத்தில் நெற்பயிரைப் போலவே காட்சியளிக்கும். பழகிய உழவர் இலையும் தாளும் கூடும் இடத்தை நோக்குவர். நெல்லாயின் அவ்விடத்தில் மெல்லிய சவ்வு போன்ற சிறு நா ஒன்று இருக்கும். புல்லாயின் அஃது இராது. இச்சிறு குறியை அறிந்தவர் களையை அகற்றிப் பயிரைக் காப்பர். அறியாதவர் பயிரைப் பிடுங்கிக் களையை வளர்ப்பர். ஆகவே, ஒத்த பொருள்களை வேறு பிரித்து அறிதல் ஆராய்ச்சி இன்பத்திற்கு மட்டும் உரியதன்று. வாழ்வுக்கு இன்றியமையாததும் ஆகும். இவ்வுண்மை பூச்சியுலகில் எவ்வாறு விளங்குகின்றது என்பதை அந்துப்பூச்சிகள் சிலவற்றைக் கொண்டு காண்போம்.

வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இறகுகளிலும் ஓட்டின்மேல் ஓடு வேய்ந்தாற்போல நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டிருக்கும். பூச்சியைக் கையால் தொடும்போது விரலில் ஒட்டும் பொடி அச்செதில்களே. இப்பெருங்குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள இனங்கள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பலவும் அந்துப்பூச்சிகளே. அவற்றில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. மங்கிய பழுப்பு, சாம்பல் முதலிய நிறங்களை உடையவை. பகலில் மரப்பட்டையிலும் சருகிலும் ஒடுங்கியிருக்கும் அவற்றுக்கு அந்நிறங்களே காப்பு. பகைவர் கண்ணுக்குத் தப்பும் பொருட்டு அமைந்த அந்நிறமே, இனம் பிரிக்க முயலும் மனிதர் கண்ணையும் மயக்கிவிடுகின்றது.

தமிழ்நாட்டு உழவர் நன்கு அறிந்த பூச்சிகளுள் ஒன்று காய்ப்புழு. பருத்தியிலும் துவரையிலும் கொண்டைக்கடலையிலும் தக்காளியிலும் இதன் கொடுமையைக் காணலாம். தாய்ப்பூச்சி இரவில் பறந்து வந்து, தளிரிலும் மொட்டிலும் ஒவ்வொன்றாக முட்டையிடும். ஒரு பூச்சி தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டை வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் இடும். சில நாள்களில் முட்டையினின்று வெளிவரும் புழு முதலில் தளிரை உண்ணும். பின்னர்க் காயைத் துளைத்துத் தலையை உள்ளே நுழைத்து, உடலை வெளியே வைத்துக்கொண்டு தின்னும். ஒரு காயை முற்றும் தின்று தீர்ப்பதில்லை. ஒன்றைக் கெடுத்து மற்றொன்றுக்குச் செல்லும். நன்கு வளர்ந்த பின் மண்ணுள் புகுந்து கூட்டுப்புழுவாகிப் பின்னர் அந்துப்பூச்சியாக வெளிவரும். புழு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும், இளஞ்சிவப்பாகவும் இருக்கும். எனவே நிறத்தைக் கொண்டு அதனை அடையாளம் காணுதல் அரிது.

இதனை அறிவியலார் ஹெலிக்கோவெர்ப்பா ஆர்மிஜெரா என்று வழங்குவர். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகள் இதன் பழைய உறைவிடங்கள். இதற்கு மிக நெருங்கிய உறவினம் ஒன்று அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றது. அதன் பெயர் ஹெலிக்கோவெர்ப்பா ஸீயா என்பது. ஸீயா என்னும் சொல் மக்காச்சோளத்தின் அறிவியற் பெயரிலும் உள்ளது. மக்காச்சோளக் கதிரை விரும்பித் தின்னும் புழு ஆதலின் அப்பெயர் அதற்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவிலோ, ஆர்மிஜெராவுடன் பங்டிஜெரா என்னும் மற்றோர் இனமும் ஒரே வயலில் கூடி வாழ்கின்றது. இம்மூன்றையும் ஒரு பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தால், பழகாத கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும். மூன்றுக்கும் முன்னிறகு வெளிர்மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், நடுவே சிறுநீரக வடிவில் ஒரு கரும்புள்ளி, பின்னிறகு வெளுப்பு, அதன் ஓரத்தில் அகன்ற கரும்பட்டை.

தமிழ்நாட்டில் ஆர்மிஜெராவுக்கு ‘அமெரிக்கன் காய்ப்புழு’ என்னும் பெயரும் வழங்கி வருகின்றது. அதன் தாயகமோ அமெரிக்கா அன்று. பழைய உலகின் பூச்சியும் அமெரிக்கப் பூச்சியும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தன. அக்கருத்து மறைந்த பின்னரும் பெயர் மறையவில்லை எனலாம். ஒரு பூச்சியின் பெயரிலேயே பழைய மயக்கம் ஒன்று தங்கி நிற்பது நோக்கத்தக்கது.

இனம் என்பது யாது? தம்முள் கூடி, மீண்டும் இனப்பெருக்கம் செய்யவல்ல வழித்தோன்றல்களைத் தந்து, பிற கூட்டங்களோடு இயல்பாகக் கலவாமல் தனித்து வாழும் உயிர்க்கூட்டத்தை ஓர் இனம் என்பர். இவ்விலக்கணம் தெளிவானதே. ஆயின், ஊசியில் குத்தி உலர்த்தி வைத்த பூச்சி எதனோடு கூடியது என்று எவ்வாறு அறிவது? ஆதலின், அறிவியலார் முதலில் உருவத்தையே துணையாகக் கொண்டனர். இறகின் புள்ளி, நரம்பின் போக்கு, உணர்கொம்பின் வடிவம், காலிலுள்ள முட்கள் ஆகியவற்றை அளந்தும் எண்ணியும் வரைந்தும் ஒப்பிட்டனர். புறத்தே தெரியும் குறிகள் போதாத இடத்து, உடலின் உள்ளே நோக்கினர்.

ஆஸ்திரேலியப் பூச்சியறிஞராகிய இயன் காமன் என்பார் 1953ஆம் ஆண்டில் தம் நாட்டுக் காய்ப்புழுக்களை நுணுகி ஆராய்ந்து, ஆர்மிஜெராவும் பங்டிஜெராவும் வெவ்வேறு இனங்கள் என்பதை விளக்கினார். கனடா நாட்டு அறிஞராகிய ஹார்டுவிக் என்பார் 1965ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய பூச்சிகளை ஒப்புநோக்கி, இவற்றுக்கு ஹெலிக்கோவெர்ப்பா என்னும் புதுப் பேரினத்தை வகுத்தார். ஆர்மிஜெராவையும் ஸீயாவையும் தனித்தனி இனங்களாகவும் நிறுத்தினார்.

இப்பகுப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1983ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் எமரால்டு என்னும் ஊர்ப்பகுதிப் பருத்தி வயல்களில், அதுவரை நற்பயன் தந்துவந்த பைரித்திராய்டு வகை மருந்துகள் பயனற்றுப் போயின. ஆராய்ந்தபோது, மருந்தைத் தாங்கி வாழ்ந்தது ஆர்மிஜெராவே என்பதும், அதன் அருகிலேயே வாழ்ந்த பங்டிஜெராவுக்கு அவ்வாற்றல் இல்லை என்பதும் தெரியவந்தன. தம் வயலில் உள்ளது பங்டிஜெராவாயின் மருந்து பயன் தரும். ஆர்மிஜெராவாயின் மருந்தும் பணமும் வீண். எனவே, இரண்டையும் பிரித்தறிதல் உழவர்க்கே கடமையாயிற்று. நல்வினையாக, இவ்விரண்டுக்கும் புறக்குறிகள் உண்டு. ஆர்மிஜெராவின் பின்னிறகிலுள்ள கரும்பட்டையினுள் வெளிறிய திட்டு ஒன்று தோன்றும்; பங்டிஜெராவின் கரும்பட்டை முழுவதும் கருமையாகவே இருக்கும். வளர்ந்த புழுவை நோக்கினால், தலைக்கு அடுத்த பகுதியிலுள்ள மயிர்கள் முன்னதில் வெண்மை, பின்னதில் கருமை. மயிரின் நிறம் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயைக் காக்கவல்லது என்பது வியப்பன்றோ?

ஆயின், ஆர்மிஜெராவுக்கும் ஸீயாவுக்கும் இடையே இத்தகைய தெளிவான புறக்குறி எதுவும் இல்லை. நெடுங்காலம் அதனால் பெரிய தீங்கு விளையவில்லை. ஒன்று பழைய உலகில் வாழ்ந்தது. மற்றொன்று அமெரிக்காவில் வாழ்ந்தது. நடுவே பெருங்கடல் கிடந்தது. பிடிபட்ட இடத்தைக் கொண்டே பெயரைச் சொல்லிவிடலாம் என்று யாவரும் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தின் குறையைத் தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில் நாடு பெருவிலை கொடுத்து அறிந்தது.

2012-13ஆம் பயிர்ப்பருவத்தில் பிரேசிலின் பாஹியா மாநிலத்து மேற்குப் பகுதியில் பருத்தியும் சோயா மொச்சையும் புழுக்களால் பேரழிவுக்கு உள்ளாயின. மக்காச்சோளத்தை விரும்பும் ஸீயாவே அங்குப் பழகிய பூச்சி. இப்புழுவோ சோயாவையும் பருத்தியையும் தக்காளியையும் வேறுபாடின்றித் தின்றது. வழக்கமாகத் தெளிக்கும் மருந்துகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. உழவர் மீண்டும் மீண்டும் மருந்து தெளித்தனர், செலவு பெருகிற்று, விளைவு குன்றிற்று. புழுவின் உருவம் ‘இது பழைய பூச்சியே’ என்று கூறியது. அதன் நடத்தையோ ‘இது புதிய பூச்சி’ என்று கூறியது. உருவமும் நடத்தையும் முரண்பட்டவிடத்து உண்மையை ஆராயத் தொடங்குதலே அறிவுடைமை. அவ்வாறே அந்நாட்டு அறிஞர் பூச்சிகளைப் பிடித்து ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றனர்.

அவர்கள் கைக்கொண்ட முதல் வழி உள்ளுறுப்பின் உருவத்தை நோக்குவது. அந்துப்பூச்சிகளின் வயிற்று நுனியில் இனப்பெருக்கத்திற்குரிய உறுப்புகள் உள்ளன. அவை கடினமான சிறு தகடுகளாலும் மெல்லிய பைகளாலும் ஆனவை. புறத்தோற்றத்தில் சிறிதும் வேறுபடாத இனங்களும் இவ்வுறுப்பின் அமைப்பில் வேறுபடுவது உண்டு. பூச்சியின் வயிற்று நுனியைத் தனியே எடுத்துக் காரக் கரைசலில் இட்டுச் சூடாக்குவர். தசையும் கொழுப்பும் கரைந்துபோகும். கடினமான பகுதிகள் எஞ்சி நிற்கும். அவற்றைத் தூரிகையால் தூய்மை செய்து, உள்ளே மடிந்திருக்கும் நுண்ணிய பையை விரித்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குவர். ஆண் பூச்சியின் அப்பையின் அடிப்பகுதியில் ஆர்மிஜெராவுக்கு ஒரு புடைப்பே உண்டு. ஸீயாவுக்கு மூன்று புடைப்புகள் உண்டு. ஒன்றா, மூன்றா என்னும் இவ்வினாவின் விடையிலே பூச்சியின் இனம் அடங்கியிருந்தது.

இம்முறை நம்பத்தக்கது, செலவும் குறைவு. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. இக்குறி வளர்ந்த ஆண் பூச்சியிடத்து மட்டுமே உள்ளது. காயினுள் இருக்கும் புழுவும், இலைமேல் இருக்கும் முட்டையும், துறைமுகத்தில் வந்திறங்கும் காய்கனிகளில் ஒளிந்திருக்கும் குஞ்சுப் புழுவும் இச்சோதனைக்கு உட்படா. ஒவ்வொரு பூச்சியையும் தனித்தனியே பதப்படுத்தி நோக்கப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். ஆதலின், உருவத்தோடு மற்றொரு சான்றும் தேவையாயிற்று. அச்சான்றே மரபணு.

உருவம் ஒன்றே போதாது என்பதைத் தமிழ்ச் சுவடிகளைக் கொண்டு எளிதில் உணரலாம். பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் இருக்கும். எழுத்தின் வடிவை மட்டும் நோக்குபவர் ஒரு சொல்லைப் பலவாறு படிப்பர். பதிப்பாசிரியர் அவ்விடத்துப் பல பிரதிகளை ஒப்பிடுவர். ஏடு பெயர்த்து எழுதுவோர் ஓரெழுத்தை மாற்றி எழுதினால், அப்பிரதியைப் பார்த்து எழுதப்பட்ட பிரதிகளிலெல்லாம் அம்மாற்றம் தொடர்ந்து வரும். ஆகவே, ஒரே வகையான மாற்றங்களைக் கொண்ட பிரதிகள் ஒரே மூலத்தினின்று பெயர்க்கப்பட்டவை என்பது புலனாகும். இவ்வாறு பாட வேறுபாடுகளைக் கொண்டு சுவடிகளின் வழிமுறையை அறியலாம்.

உயிர்களின் உடலிலும் இத்தகைய சுவடி ஒன்று உண்டு. ஒவ்வொரு உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்பெறும் நான்கு வேதியற் கூறுகள் எழுத்துகளைப் போல அதில் நிரல்பட அமைந்துள்ளன. ஆர்மிஜெராவின் இழையில் அத்தகைய எழுத்துகள் ஏறத்தாழ 34 கோடி. அவற்றில் அடங்கிய மரபணுக்கள் ஏறத்தாழ 17,000. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இச்சுவடி படியெடுக்கப்படும்போது எப்போதேனும் ஓரெழுத்து மாறிவிடும். அம்மாற்றம் பின்வரும் தலைமுறைகளுக்கும் செல்லும். இரண்டு கூட்டங்கள் பிரிந்து தனித்தனியே வாழுமாயின், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாற்றங்கள் சேரும். பிரிந்த காலம் நீளநீள வேறுபாடும் பெருகும். ஆர்மிஜெராவின் முன்னோருள் ஒரு சிறு கூட்டம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவை அடைந்து, பிரிந்து வாழ்ந்து ஸீயா ஆயிற்று என்று மரபணு ஆய்வாளர் கணித்துள்ளனர். உருவம் மாறாதிருந்தும், சுவடியின் எழுத்துகள் மாறிவிட்டன.

சுவடி முழுவதையும் படித்தல் பெருமுயற்சி. ஆதலின், இனம் காண்பதற்கு ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவர்தம் உடனாய்வாளரும் 2003ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். உயிரணுவினுள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவை உணவினின்று ஆற்றலை வெளிப்படுத்துவன. அவற்றிற்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அதிலுள்ள ஒரு மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட பகுதியைப் படித்தால், பெரும்பாலான விலங்கினங்களை வேறு பிரிக்கலாம் என்பது அவர்கள் கண்டது. கடையில் விற்கும் பொருள்களின் மேல் அச்சிடப்படும் கோட்டுக் குறியீட்டைப் போல இஃது உதவுதலின், இதனை டி.என்.ஏ. கோட்டுக் குறியீடு என்பர்.

இதனைச் செய்யும் முறையும் அறியத்தக்கது. பூச்சியின் கால் ஒன்றே போதும். இறகும் உடலும் பழுதுபடாமல் காப்பகத்தில் இருக்கும். அக்காலினின்று டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பர். வேண்டிய பகுதியை மட்டும் பாலிமரேஸ் தொடர்வினை என்னும் முறையால் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்குவர். பின்னர்க் கருவியின் துணையால் எழுத்துகளை வரிசையாகப் படித்து, முன்பே இனம் தெரிந்த பூச்சிகளின் எழுத்துவரிசையோடு ஒப்பிடுவர். முட்டையாயினும் புழுவாயினும் கூட்டுப்புழுவாயினும் சிதைந்த இறகுடைய பூச்சியாயினும் எழுத்துவரிசை மாறுவதில்லை. உருவத்தால் அறிய இயலாத பருவங்களையும் மரபணுவால் அறியலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

பிரேசிலில் இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தந்தன. கோயாஸ், பாஹியா, மாட்டோ குரோசோ முதலிய மாநிலங்களில் பிடிபட்ட பூச்சிகளில் ஆர்மிஜெரா உண்டு என்பதை 2013ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். அதே ஆண்டில் பாஹியாவில் பயிர்ப் பாதுகாப்புக்கான நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது. பின்னர், முன்பே பிடித்து வைக்கப்பட்டிருந்த பழைய பூச்சிகளை அறிஞர் மீண்டும் எடுத்து நோக்கினர். அவற்றுள் 2008ஆம் ஆண்டைச் சேர்ந்தவற்றிலேயே ஆர்மிஜெரா இருந்தது தெரியவந்தது! பல ஆண்டுகளாக வயலில் உலவிய பகைவன், பழகிய பூச்சியின் உருவில் மறைந்து வாழ்ந்திருந்தான். முதற்கண்ணே இனம் கண்டிருந்தால், பரவுவதற்கு முன்னரே விழிப்பாக இருந்திருக்கலாம். உரிய பெயரை அறியாமையால் உரிய பரிகாரத்தையும் தேட இயலவில்லை. நோயின் பெயரறியாது மருந்து கொடுத்தல் எத்தகையதோ, பூச்சியின் இனமறியாது மருந்து தெளித்தலும் அத்தகையதே.

இவ்வளவில் மரபணுவே முடிந்த சான்று, உருவத்தை நோக்க வேண்டுவதில்லை என்று ஒருவர் கருதக்கூடும். அக்கருத்தும் பொருந்தாது. கடலால் பிரிந்திருந்த இரண்டு இனங்களும் பிரேசிலில் ஒரே வயலில் மீண்டும் சந்தித்தன. ஆய்வுக்கூடத்தில் இவற்றைக் கூட்டிவைத்தால் இனப்பெருக்க ஆற்றலுள்ள கலப்பு வழித்தோன்றல்கள் பிறக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. வயலிலும் அவ்வாறு நிகழ்ந்ததை, பூச்சிகளின் மரபுச் சுவடியை விரிவாகப் படித்த ஆய்வு ஒன்று 2018ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. சில பூச்சிகளின் சுவடியில் ஆர்மிஜெராவின் பகுதிகளும் ஸீயாவின் பகுதிகளும் கலந்திருந்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவது. தாய் ஸீயாவும் தந்தை ஆர்மிஜெராவும் ஆயின், பிள்ளையின் கோட்டுக் குறியீடு ‘ஸீயா’ என்றே கூறும். தந்தைவழி வந்த பாதிச் சுவடியைப் பற்றி அது வாய் திறவாது. இரண்டு மூலங்களைப் பார்த்துக் கலந்து எழுதப்பட்ட ஏட்டின் முதற்பக்கத்தை மட்டும் படித்து, ஏடு முழுவதும் ஒரே மூலத்தைச் சார்ந்தது என்று முடிவு செய்தலை இஃது ஒக்கும். ஆதலின், இத்தகைய இடங்களில் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்கள் பலவற்றையும் படித்தல் வேண்டும். உருவத்தையும் உடன் நோக்குதல் வேண்டும்.

கலப்பினால் விளையும் தீங்கு யாது? ஆர்மிஜெராவிடம் பைரித்திராய்டு மருந்தைச் சிதைக்கவல்ல மரபணு ஒன்று உண்டு. அடுத்தடுத்து இருந்த இரண்டு மரபணுக்களின் பகுதிகள் இணைந்து உண்டானது அது. பிரேசிலில் அம்மரபணு கலப்பின் வழியே ஸீயாவின் கூட்டத்திற்குள்ளும் புகுந்துவிட்டது என்பதை 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஓரினம் நெடுங்காலம் போராடிப் பெற்ற ஆற்றலை மற்றோரினம் ஒருசில ஆண்டுகளில் எளிதாகப் பெற்றுவிட்டது. ஆகவே, ‘இஃது எவ்வினம்?’ என்னும் வினாவோடு, ‘இதனுள் எவ்வினத்தின் எம்மரபணு உள்ளது?’ என்னும் வினாவையும் கேட்க வேண்டிய காலம் இது.

பிரேசிலின் துன்பம் வடக்கேயுள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் எச்சரிக்கையாயிற்று. அந்நாட்டில் ஆர்மிஜெராவை எதிர்நோக்கி வயல்களில் இனக்கவர்ச்சிப் பொறிகள் வைக்கப்பட்டன. பெண் பூச்சியின் மணத்தை ஒத்த பொருளை வைத்து ஆண் பூச்சிகளை ஈர்க்கும் பொறிகள் அவை. ஆர்மிஜெரா, ஸீயா இரண்டின் மணமும் ஏறத்தாழ ஒன்றே ஆதலின், ஓர் ஆர்மிஜெராவைத் தேடும் பொறியில் ஸீயாக்களே ஆயிரக்கணக்கில் வந்து விழும். ஒவ்வொன்றையும் அறுத்து நோக்குதல் பெரும்பணி. ஆயினும், 2015ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தில் பொறியில் விழுந்த பூச்சிகளிடையே ஆர்மிஜெரா கண்டறியப்பட்டது. இப்பணியை எளிதாக்க அறிஞர் மற்றொரு வழியையும் கண்டனர். பல பூச்சிகளின் கால்களை ஒன்றாகச் சேர்த்து, அவற்றின் டி.என்.ஏ.வை ஒருங்கே சோதிப்பது அவ்வழி. ஆர்மிஜெராவுக்கே உரிய எழுத்துவரிசை அத்திரளில் சிறிதளவு இருந்தாலும் சோதனை அதனைக் காட்டிவிடும். அவ்வாறு காட்டினால் மட்டும், அத்திரளுக்குரிய பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து உருவத்தை நோக்கினால் போதும். இங்கே மரபணு தேடும் இடத்தைக் குறுக்கித் தருகின்றது; உருவம் தேடிய பொருளை உறுதி செய்கின்றது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. மரபணுவின் எழுத்துவரிசையை எதனோடு ஒப்பிடுவது? முன்பே இனம் அறியப்பட்ட பூச்சியின் எழுத்துவரிசையோடன்றோ? அப்பூச்சியின் இனத்தை முதலில் அறிந்தவர் உருவத்தை நுணுகி நோக்கிய பழைய அறிஞரே. நுண்பெருக்கியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு புடைப்பையும் முள்ளையும் எண்ணி வரைந்தவர்களின் உழைப்பே இன்றைய மரபணு நூலகத்திற்கு அடித்தளம். பெயர் தவறாக எழுதப்பட்ட பூச்சியின் எழுத்துவரிசை நூலகத்தில் சேருமாயின், அதனோடு ஒப்பிடப்படும் பூச்சிகளெல்லாம் தவறான பெயரையே பெறும். எனவே, காலைக் கொடுத்த பூச்சியின் உடலைப் பிடித்த இடம், நாள் ஆகிய குறிப்புகளோடு காப்பகத்தில் போற்றி வைத்தல் இன்றியமையாதது. ஐயம் தோன்றும்போது அதனை மீண்டும் எடுத்து நோக்கலாம். பிரேசிலில் 2008ஆம் ஆண்டுப் பூச்சிகள் உண்மையை வெளிப்படுத்தியது, அவை குப்பையில் எறியப்படாமல் காக்கப்பட்டமையால் அன்றோ?

வழக்கு ஒன்றை ஆராயும் நடுவர் ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிப்பதில்லை. சாட்சிகள் பலரையும் உசாவி, அவர்தம் கூற்றுகள் ஒத்துவரும் இடத்தும் முரண்படும் இடத்தும் காரணம் ஆராய்ந்து தீர்ப்புக் கூறுவர். அவ்வாறே இனத்தை அறிய முயல்வோர்க்கும் உருவம் ஒரு சாட்சி. மரபணு ஒரு சாட்சி. உயிரின் நடத்தையும் உணவும் வாழிடமும் பிற சாட்சிகள். இவை யாவும் ஒத்துரைத்தால் முடிவு உறுதியாகும். முரண்பட்டால், அம்முரண்பாடே புதிய உண்மை ஒன்றுக்கு வாயிலாகும்.

ஒரு சிறு பூச்சியின் இனத்தை அறிவதற்கு இத்துணை உழைப்பா என்று எண்ணுதல் கூடாது. பெயரை ஐயமற அறிதலே பகையை அறிதலின் முதற்படி. பகையை அறிந்தார்க்கே காக்கும் வழி புலனாகும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதை ஒன்றே என்று துணியாது, நின்று நோக்கி, அளந்து, ஒப்பிட்டு, ஐயம் நீங்கிய பின்னரே முடிவு கூறும் பழக்கம் அறிவியலாருக்கு மட்டுமன்றி, உழவர்க்கும் மாணவர்க்கும் பிறர் யாவர்க்கும் உரியதாகும்.